வெட்டக் கூடாத புல்

நான் பயந்தாங்கொள்ளி. சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. லிஃப்டில் இறங்கிய பிறகு, காஸை மூடினோமா என்று மறுபடி மேலே போய்ப் பார்க்கிறவன் நான். ரயில் ராத்திரிக்கு என்றால் சாயங்காலமே ஹௌராவில் பெட்டியின் மேல் உட்கார்ந்திருப்பேன். இப்படிப்பட்டவனைத் தேடிப் பிடித்து எங்கள் குடியிருப்புக்குச் செக்ரட்டரி ஆக்கினார்கள். திறமையைப் பார்த்து அல்ல. குடியிருப்பில் இரண்டு கோஷ்டி. ஒருவர் சொல்வதை மற்றவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார். எந்தக் கோஷ்டியிலும் சேராத ஆள் வேண்டும் என்று வந்தபோது, "சேஷாத்ரி-தா இருக்காரே, மதராஸி, சண்டை போடத் தெரியாது" என்று என்னைக் கைகாட்டிவிட்டார்கள். பெங்காலியில் தா, தாதா என்றால் அண்ணா.

லேக் கார்டன்ஸில் வாடகைக்கு இருந்தவர்கள் நாங்கள். பாங்க் கடனில் பைபாஸைத் தாண்டி இந்த ஃப்ளாட்டை வாங்கி வந்தோம். கட்டடத்துக்குப் பின்னால் குடியிருப்புக்கே சொந்தமான காலி மனை ஒன்று கிடக்கிறது. இரண்டாவது கட்டடம் வருமென்று பில்டர் படம் போட்டுக் காட்டிய இடம். கட்டடம் வரவில்லை, புல் வந்தது. மழைக்காலத்தில் ஆள் உயரத்துக்கு வளர்ந்து, துர்கா பூஜை நெருங்கும்போது வெள்ளை வெளேரென்று காஷ் என்கிற நாணல் பூக்கும். பெண்கள் சிவப்புக்கரைப் புடவை கட்டிக்கொண்டு போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள். அதற்கப்புறம் ஆள் வைத்து வெட்டிவிடுவோம். ஆண்டுதோறும் நடக்கிற வேலை, அதைப் பற்றி யாரும் யோசித்ததே கிடையாது.

என் மனைவி வசுமதி ஜாதவ்பூர் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சர். பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போன பிறகு அவளுக்குப் பறவைப் பைத்தியம் பிடித்தது. பைனாகுலர் வந்தது, தடிதடியாகப் புத்தகங்கள் வந்தன, மொட்டை மாடியில் குருவிகள் தண்ணீர் குடிக்க நாலைந்து மண்சட்டிகள் வந்தன. மற்றவர்கள் சீரியல் பார்க்கிறார்கள், இவள் மைனா பார்க்கிறாள், போகட்டும் என்று இருந்தேன்.

ஆகஸ்ட் மாதம் ஒரு காலையில் பால்கனியிலிருந்து அவள் என்னைக் கூப்பிட்ட விதமே சரியாக இல்லை.

"ஏன்னா, இங்க வாங்கோ. சத்தம் போடாம வாங்கோ."

யாரோ விழுந்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு ஓடினேன். அவள் மனையின் மேலே கையைக் காட்டினாள். புல்லுக்கு மேலே ஒரு குருவி வட்டமடித்துப் பறந்துகொண்டே இரண்டு ஸ்வரத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பாடியது. பிறகு கல்லைப் போட்டதுபோலப் புல்லுக்குள் விழுந்து மறைந்தது. கொண்டைக்குருவி அளவுதான். தவிட்டு நிறம், முதுகில் கறுப்புக் கோடுகள். அலகின் ஓரத்தில் மீசை மாதிரி முரட்டு மயிர் இருக்குமாம். நான் அதைப் பார்க்கவில்லை.

"இதுக்கா கூப்பிட்டே?" என்றேன்.

"இது பிரிசில்ட் கிராஸ்பேர்ட். கதிர்க்குருவி ஜாதி. ஒசந்த புல்லு இருந்தாத்தான் இருக்கும், அதுலதான் கூடு கட்டும். புல்லு போற எடத்துலல்லாம் இதுவும் போயிண்டே இருக்கு. லிஸ்ட்ல வல்னரபிள்னு போட்டிருக்கா."

தமிழில் அதை அழிவாய்ப்பு இனம் என்று எழுதுகிறார்களாம். அழிவதற்கும் ஒரு வாய்ப்பு! புலியாக இருந்தால் வேலி போட்டுக் காவல் வைப்பார்கள். மயிலாக இருந்தால் முத்திரை குத்துவார்கள். தவிட்டு நிறத்தில் பிறந்த குருவிக்கு ஒரு பட்டியலில் இடம் கொடுத்ததே பெரிது. நாட்டில் பாதிப் பேருக்கு அதன் பேர் தெரியாது. பேர் தெரியாதது போய்விட்டால் தேடுவதற்கு யார் இருக்கிறார்கள்?

அன்றிலிருந்து காலை வேளையில் அவள் பால்கனியை விட்டு நகரவில்லை. மூன்று வாரம் கழித்து ஒரு காலையில், பெண் குருவி வாயில் பூச்சியோடு வந்து மனையின் நடுவே ஒரே புல் தூறுக்குள் இறங்குவதைப் பார்த்துவிட்டாள். உள்ளே குஞ்சுகள் இருக்கின்றன. தரைக்குப் பக்கத்தில், புல்லின் அடியில்.

"யார்கிட்டயும் மூச்சு விடப்படாது," என்றாள். "கூடு இருக்கற எடத்தைச் சொல்லப்படாதுன்னு பறவை பாக்கற எங்க கூட்டத்துல ஒரு கட்டுப்பாடு. சொன்னா அடுத்த நாளே காமெராவைத் தூக்கிண்டு கூட்டம் வந்துடும். ஃபோன்ல இதோட பாட்டையே போடுவா. வேற ஆண் வந்துடுத்துன்னு நெனச்சு இது கூட்டை விட்டுட்டு சண்டைக்குப் போகும். குஞ்சு பட்டினி கெடக்கும்."

"ரஞ்சன்கிட்டக்கூடவா?"

"ரஞ்சன்கிட்டக்கூட."

ரஞ்சன் பக்கத்து ஃப்ளாட். துறைமுகத்தில் என்ஜினியர். அவர் மனைவி ஸ்மிதா. நாலாம் வகுப்பு படிக்கும் ஒரே பெண் அனன்யா. எங்கள் வீட்டில் தோசை வார்க்கும் வாசனை போனால் அடுத்த நிமிஷம் கதவு தட்டப்படும். என் மனைவியை 'வசு மாஷி', அதாவது சித்தி, என்றுதான் கூப்பிடும். எனக்கு நெஞ்சு வலிக்கிறது என்று நான் கிளப்பிய பொய் அலறலுக்கெல்லாம் என்னைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் ரஞ்சன். வாயுதான் என்று டாக்டர் சொன்ன பிறகும் சிரிக்காமல் இருந்த மனுஷர். என்னை தாதா என்றும் அவளை பௌதி, அதாவது அண்ணி, என்றும் கூப்பிடுகிற அவரிடம் மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் தலையாட்டினேன்.

தலையாட்டிய மறுநாளே அனன்யாவுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இருந்தார்கள். ரத்தம் எடுத்துப் பார்த்தால் டெங்கு. பிளேட்லெட் இறங்குகிறது என்று ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். ஸ்மிதா அங்கேயே தங்கிவிட்டாள். வசுமதி தினமும் அவளுக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போவாள். ரஞ்சன் துணி மாற்றிக்கொள்ள மட்டும் வீட்டுக்கு வருவார். லிஃப்டில் அவரைப் பார்க்கும்போது எனக்கு என்ன கேட்பது என்றே தெரியாது. "இன்னிக்கு எவ்வளவு?" என்பேன். "இன்னும் இறங்குது, தாதா," என்பார்.

குடியிருப்பு கொதித்தது. அதுவரை எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கோஷ்டியும் ஒரே குரலில், புல்லை வெட்டு என்றது. கொசு அங்கிருந்துதான் வருகிறது, பாம்பும் இருக்கிறது, செக்ரட்டரி என்ன பண்ணிக்கொண்டிருக்கிறார் என்று வாட்ஸாப்பில் என் பெயர் உருண்டது. கீழ்த்தள மகேஷ் தினமும் காலையில் புல்லின் படத்தைப் போட்டு, அடியில் ஒரு கேள்விக்குறி போடுவார். அந்தக் கேள்விக்குறியைப் பார்த்ததும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன்.

நான் பொய் சொல்லத் தொடங்கினேன். வெட்டுகிற ஆள் ஊருக்குப் போயிருக்கிறான் என்றேன். மெஷின் பழுது என்றேன். ஈரத்தில் வெட்டினால் மெஷின் ஓடாது என்றேன். நான் பாங்க்கில் வேலை பார்த்த வருஷமெல்லாம் கடன் வாங்கியவர்கள் என்னிடம் சொன்ன சாக்கெல்லாம் எனக்குக் கைகொடுத்தது.

"டெங்குக் கொசு புல்லுல முட்டை போடாது. சுத்தமான தண்ணி தேங்கியிருந்தாத்தான் போடும்," என்று வசுமதி அடித்துச் சொன்னாள். அது எனக்குக் கொஞ்சம் தெம்பு கொடுத்தது. சரி, தண்ணீரைப் பிடிப்போம் என்று புறப்பட்டேன். ஒவ்வொரு வீடாகப் போய் பூத்தொட்டித் தட்டைக் கவிழ்த்தேன். ஏசிக்கு அடியில் வைத்த டப்பாவைக் கொட்டினேன். துளசித் தொட்டியின் அடித்தட்டைக் கொட்டியதற்கு ஓர் அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கார் நிறுத்தும் இடத்தில் கிடந்த பெயின்ட் வாளி, பழைய டயர், கொட்டாங்கச்சி எதையும் விடவில்லை. மனசுக்குள் கணக்கு ஒன்றுதான். கொசு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் புல் தப்பிக்கும், குஞ்சு தப்பிக்கும், குழந்தைகளும் தப்பிப்பார்கள். ஆனால் எங்கேயும் கொசுப்புழு அகப்படவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டம் என்று முடிவாயிற்று. என் பேச்சை நம்பாமல் மகேஷே வேறு ஆளைப் பேசிவிட்டார். ஞாயிறு காலையில் வெட்டுகிறார்கள். கூட்டம் ஒப்புக்குத்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மழை விட்டதும், தண்ணீர்த் தொட்டியின் மூடியைப் பார்க்க மொட்டை மாடிக்குப் போனேன். தொட்டி ஒழுங்காக மூடியிருந்தது. திரும்பும்போது கைப்பிடிச் சுவரோரம் வசுமதியின் மண்சட்டிகள் கண்ணில் பட்டன. அதுவரை அத்தனை வீட்டிலும் தேடியவனுக்கு, என் வீட்டுச் சட்டி நினைவுக்கு வரவே இல்லை. தினமும் தேய்த்துக் கழுவித் தண்ணீர் மாற்றுகிறவள் அவள். அது எனக்குத் தெரியும். தெரிந்ததனால்தான் பார்க்கவில்லை.

குனிந்து பார்த்தேன். தண்ணீரில் சின்னச் சின்னக் கறுப்பு நூல்கள் வளைந்து வளைந்து நெளிந்தன. என் நிழல் பட்டதும் எல்லாம் அடிக்குப் போயின.

கொசுப்புழு. இரண்டாவது சட்டியிலும் இருந்தது. மூன்றாவதிலும். குருவியைப் பார்த்த நாளிலிருந்து அவள் காலை நேரமெல்லாம் பால்கனியில். அங்கிருந்து நேராகப் பள்ளிக்கூடம். மாடிக்கு யார் வந்தார்கள்? அந்தக் குருவியைக் காப்பாற்றுகிற கவலையில் மற்ற குருவிகளின் தண்ணீரை மறந்துவிட்டாள். அந்தச் சுவருக்கு நேர் கீழே ரஞ்சன் ஃப்ளாட்டின் பால்கனி. அனன்யாவின் துணிகள் கொடியில் அப்படியே கிடந்தன.

கொட்டிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. சட்டியைத் தூக்கியும் விட்டேன். யார் பார்த்தார்கள்? ஒரு நிமிஷத்தில் காய்ந்துவிடும். கொட்டவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. கடைசியில் சட்டியோடு வீட்டுக்கு இறங்கி வந்தேன்.

வசுமதி அதைப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று. உயிரியல் டீச்சருக்கு அது என்ன புழு என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சோஃபாவில் உட்கார்ந்து புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

"நான்தான் அந்தக் கொழந்தையை..." என்று ஆரம்பித்தாள்.

"உன்னாலதான்னு யார் சொல்ல முடியும்? பள்ளிக்கூடத்துல கடிச்சிருக்கலாம். கரியாஹாட் கடைத்தெருவுக்கு டிரஸ் வாங்கப் போனாளே, அங்க கடிச்சிருக்கலாம். கொட்டிட்டு வந்துடறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போய்க் கண்ணாடி பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்தாள். ஹார்லிக்ஸ் பாட்டில். சட்டித் தண்ணீரை அதில் ஊற்றினாள்.

"என்ன பண்றே?"

"மீட்டிங்குக்குக் கொண்டுபோறேன். கொசு புல்லுலேர்ந்து வரலை, இதுலேர்ந்து வருதுன்னு கண்ணால பார்த்தா நம்புவா. நாளைக்கு வெட்டமாட்டா."

"நம்புவா. அதுக்கப்புறம் நம்மளைத் தெருவுல நிக்க வெப்பா. ரஞ்சன் முகத்துல எப்படி முழிப்பே? வேண்டாம் வசு, என் பேச்சைக் கேளு. ஒரு குருவிக்காக இது வேண்டாம்."

"குருவிக்காக மட்டுமா? இதைத் தெரிஞ்சு வெச்சிண்டு, நாளைக்கு ஸ்மிதாவுக்கு நான் எப்படிச் சாப்பாடு கட்டி எடுத்துண்டு போவேன்?"

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேலா, அந்தக் குருவியின் மேலா, என் மேலா என்று தெரியாத கோபம். அவளுடைய நேர்மையைத் தூக்கி உடைப்பில் போடலாம் போலிருந்தது. உலகத்தில் எத்தனையோ புல் இருக்க, இங்கே வந்து கூடு கட்டுவானேன்?

கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக ரஞ்சனும் வந்து, சவரம் செய்யாத முகத்தோடு கதவோரம் நின்றார். நான் ஏதோ வரவேற்புரை மாதிரி உளறத் தொடங்கினேன். வசுமதி எழுந்து பாட்டிலை மேஜை மேல் வைத்தாள்.

அவள் பெங்காலியில்தான் பேசினாள். அவள் பெங்காலி என்னுடையதைவிட நன்றாக இருக்கும். அன்றைக்குத் தடுமாறியது. "இது என் சட்டித் தண்ணீர். மாடியில் பறவைகளுக்கு வைத்தது. மாற்ற மறந்துவிட்டேன். இதில் இருப்பது டெங்குக் கொசுவின் புழு. புல்லில் அது வளராது." அப்புறம் கூட்டைப் பற்றியும் சொன்னாள். எந்தத் தூறு என்பதுவரை சொன்னாள். பறவை பார்க்கிறவர்கள் கூட்டத்தின் கட்டுப்பாட்டை எல்லார் முன்னாலும் அவளே உடைத்தாள்.

கொஞ்ச நேரம் பாட்டில் கை மாறியது. பிறகு சத்தம் கிளம்பியது. டீச்சராமே, படித்தவளாமே என்றார்கள். அடுத்தவர் தொட்டியைக் கவிழ்க்க வந்த செக்ரட்டரி வீட்டு லட்சணத்தைப் பார் என்றார்கள். துளசித் தொட்டி அம்மாள் என்னை இப்போது ஏற இறங்கக்கூடப் பார்க்கவில்லை. வசுமதி பக்கத்தில் போய் நின்றேன். செக்ரட்டரியாக நான் செய்த உருப்படியான காரியம் அது ஒன்றுதான்.

"சட்டியை எடுத்தாச்சு, நல்லது. புல்லையும் வெட்டிடலாம். ரெண்டையும் செஞ்சா என்ன நஷ்டம்?" என்றார் மகேஷ். பலர் ஆமாம் என்றார்கள். இவ்வளவு அவமானமும் பட்டுக் கூடும் போகப்போகிறது.

யாரோ, "ரஞ்சன்-தா சொல்லட்டும். அவர் பெண்ணுக்குத்தானே ஆச்சு," என்றார். எல்லோரும் கதவுப் பக்கம் திரும்பினார்கள்.

ரஞ்சன் பாட்டிலைப் பார்க்கவில்லை. வசுமதியையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "குஞ்சு பறக்க எத்தனை நாள் ஆகும்?" என்று கேட்டார்.

"சரியாத் தெரியாது," என்றாள் வசுமதி. "இந்தக் குருவியை உட்கார்ந்து பார்த்தவா ரொம்பக் கம்மி. ஒரு வாரம் இருக்கலாம். கொஞ்சம் கூடவும் ஆகலாம்."

"என் பொண்ணு அங்க ஊசியோட படுத்திருக்கா," என்றார் ரஞ்சன். "அவ பேரைச் சொல்லி இப்போ ஒரு கூட்டை யாரும் கலைக்கக் கூடாது. அந்தப் பாவம் அவளைத் தொடுமோன்னு எனக்குப் பயமா இருக்கு. அது போற வரைக்கும் புல்லு இருக்கட்டும். படமும் யாரும் வெளியில போடாதீங்க."

மகேஷ் ஃபோனை எடுத்து ஞாயிற்றுக்கிழமை ஆளை வேண்டாம் என்று சொன்னார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. போய் ரஞ்சனின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நகர்ந்தேன். அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"வசுமதி பௌதி," என்றார், அப்போதும் தரையைப் பார்த்தபடி. "நாளையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு வராதீங்க. ஸ்மிதாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

அவள் தலையாட்டினாள்.

அடுத்த நாட்களை நான் எப்படித் தள்ளினேன் என்பது எனக்கே தெரியாது. மழை பெய்தால் கூடு நனைந்துவிடுமோ என்று பயம். விட்டால் காக்கை வருமோ என்று பயம். ஃபோன் அடித்தால் ஆஸ்பத்திரிச் செய்தியோ என்று பயம். ரஞ்சனிடம் கேட்க முடியாது. வாட்ச்மேனிடம்தான் விசாரிப்பேன். இன்றைக்கு ஐயா முகம் எப்படி இருந்தது என்று கேட்பேன். வசுமதி மாடிச் சட்டிகளைக் கவிழ்த்துவைத்துவிட்டாள். காலையில் பால்கனியில் நிற்பாள், ஆனால் பைனாகுலரை எடுக்கக் கை வராமல் மனையை வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்குத்தான் பொறுக்கவில்லை. நானே அதை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினேன். பார்க்காவிட்டால் இவ்வளவும் எதற்கு?

அனன்யாவுக்குப் பிளேட்லெட் ஏறத் தொடங்கிவிட்டது என்று வாட்ச்மேன்தான் சொன்னான். வீட்டுக்குக் கூட்டிவந்த அன்று நாங்கள் கதவைத் திறக்கவில்லை. சாவி போடும் சத்தமும், ஸ்மிதா "மெதுவா, மெதுவா" என்று சொல்வதும் கேட்டது. வசுமதி எங்கள் பக்கத்துக் கதவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றாள். குழந்தையின் குரல் கேட்கிறதா என்று காத்திருந்தாள். பிறகு உள்ளே வந்து, இளைத்த குரலாக இருக்கிறது என்றாள்.

அதற்கு மறுநாள் மத்தியானம் அவள் பால்கனியிலிருந்து வந்து என் தோளைத் தொட்டாள். நான் என்னவோ ஏதோவென்று எழுந்துவிட்டேன். அவள் கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. குஞ்சுகள் தூறை விட்டு வெளியே வந்துவிட்டனவாம். புல்தாள்களைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி ஏறுகின்றனவாம். ஒன்று பறந்தேவிட்டதாம். எத்தனை என்று கேட்டேன். வாயைத் திறக்காமல் நாலு விரலைக் காட்டினாள்.

"சொல்லேன், சத்தமாச் சொல்லேன்," என்றேன்.

அவள் சுவரைக் காட்டி என் வாயைப் பொத்தினாள். அந்தப் பக்கம் குழந்தை தூங்குகிற நேரம்.